பெரிய டிராகனுக்கு வண்ணம் அடிப்பது எப்படி? வடசென்னை மொட்டை மாடிக்கான செய்முறை

மினியேச்சர் எனப்படும் குட்டி பொம்மைகள் நாலைந்துக்கு வண்ணம் அடித்துப் பழகியவர்கள் அடுத்ததாக ஆசையோடு ஒரு டிராகனை வாங்குவார்கள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே மூடி அலமாரி மேலே வைத்துவிடுவார்கள். பயம் நியாயமானதுதான். வழக்கமான வீரன் பொம்மை 3 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். இது இறக்கை விரித்தால் 30 சென்டிமீட்டர் வரும். செதில், நகம், பல், முதுகு முள், மேலே சவாரி செய்யும் ஆள் என்று எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய உருவத்தில் எல்லா இடத்துக்கும் ஒரே உழைப்பைப் போடக் கூடாது. பார்ப்பவர் கண் முகத்துக்குப் போகும், அப்புறம் இறக்கைக்குப் போகும். தொடையின் உட்பக்கத்தையும் வாலின் அடிப்பக்கத்தையும் யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. அதனால் உடம்பைப் பெரிய பிரஷ்ஷால் மளமளவென்று முடித்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தைத் தலைக்குக் கொடுங்கள்.

என்னென்ன வேண்டும்

இரண்டு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்று, நல்ல முனையுள்ள 2-ம் நம்பர் ரவுண்ட் பிரஷ். முனை கூராக இருந்தால் கண்ணைக்கூட அதிலேயே வரையலாம். மயிரிழை போன்ற குட்டி பிரஷ்களை வாங்காதீர்கள், பொம்மையைத் தொடுவதற்குள் பெயின்ட் காய்ந்துவிடும். இரண்டு, முகத்துக்கும் இறக்கைக்கும் வல்லேஹோ, சிட்டடெல் மாதிரி மினியேச்சருக்கென்றே வரும் பெயின்ட் மூன்று நாலு பாட்டில். உடம்புக்கு கேம்லின், ஃபெவிக்ரில் அக்ரிலிக்கே தாராளமாகப் போதும். கெட்டியாக இருக்கும், தண்ணீர் கலந்து இரண்டு மூன்று கோட் அடித்தால் சரியாகிவிடும்.

டிரை பிரஷ் செய்ய, அதாவது பெயின்டைத் துடைத்தெடுத்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் லேசாகத் தடவ, மேக்கப் பிரஷ்தான் சரி. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைகளுக்கு நடுவே ஏதாவது ஒரு ஃபேன்சி ஸ்டோரில், உருண்டையான, மெத்தென்ற பிரஷ் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடலோரத்தில் நிறைய வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். பெயின்டை அதில் கலக்கி மெல்லிசாக அடித்தால், காய்ந்த பிறகு வெள்ளையாகப் பூத்துக்கொண்டு நிற்கும். பிரஷ் கழுவ எந்தத் தண்ணீரும் போதும். பெயின்டில் கலக்க மட்டும் கேன் தண்ணீர்.

கழுவி, பொருத்தி, பட்டி பார்ப்பது

அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை பொம்மை மேல் இருக்கலாம், அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். 3டி பிரிண்டரில் எடுத்த ரெசின் பொம்மை தொட்டால் பிசுபிசுவென்று இருந்தால் அது இன்னும் முழுதாக இறுகவில்லை என்று அர்த்தம். அதை வெறுங்கையால் தொடாதீர்கள், தோலுக்கு ஆகாது. கையுறை போட்டுக்கொண்டு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு கொஞ்ச நேரம் வெயில் காட்டினால் இறுகிவிடும். கொஞ்ச நேரம்தான். நம்ம ஊர் மே மாத வெயிலில் மறந்து விட்டுவிட்டால் மெல்லிய இறக்கை வளைந்துவிடும். ஏற்கெனவே வளைந்திருந்தால், கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் எடுத்து இறக்கையை ஒரு நிமிடம் முக்கி, நேராக்கிப் பிடித்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள்.

பசையில்லாமல் ஒருமுறை எல்லாத் துண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். உடம்பு, கால், வால் மூன்றையும் இப்போதே ஒட்டலாம். இறக்கையையும் சவாரிக்காரனையும் தனியாக விடுங்கள், இல்லாவிட்டால் இறக்கைக்கு அடியில் முதுகுக்கு பிரஷ் போகாது. கனமான இறக்கையை ஃபெவிக்விக் மட்டும் தாங்காது. நகைப் பட்டறையில் வைத்திருக்கிற மாதிரி கையால் சுழற்றும் சின்ன டிரில்லில் தோளிலும் இறக்கையிலும் 1 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியை நறுக்கிச் செருகுங்கள்.

மூட்டுகளில் இடைவெளி இருந்தால் எம்-சீல். இரண்டு உருண்டையையும் ஒரே நிறம் வரும் வரை பிசைந்து, மெல்லிய திரியாக உருட்டி இடைவெளியில் அழுத்துங்கள். விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நீவினால் கையில் ஒட்டாது. இறுகுவதற்குள் குண்டூசியால் செதில் கோடு இழுத்துவிட்டால் ஒட்டுப் போட்டதே தெரியாது. முழுக்க இறுகிய பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். ரெசினைக் காய்ந்தபடி தேய்த்தால் தூசி நுரையீரலுக்குள் போகும், ஈரமாகத் தேய்த்தாலும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடிக்கும் இந்த வரிசை ஆட்டோ டிங்கரிங் கடையில் நடப்பதேதான். தெரு முனையில் அப்படி ஒரு பட்டறை இருந்தால் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், எந்த வீடியோவும் அந்த அளவுக்குச் சொல்லித் தராது.

பிரைமர்: நேரம் பார்த்து அடியுங்கள்

வடசென்னையில் இந்தப் பொழுதுபோக்குக்கு எதிரி காற்றில் இருக்கும் ஈரம்தான். விடியற்காலையில் ஈரம் உச்சத்தில் இருக்கும், அப்போது ஸ்ப்ரே அடித்தால் பரப்பு மங்கலாகி வெளுத்துப்போகும். வெயில் ஏறியதும் குறையும். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று திரும்பினால் மறுபடியும் ஈரம் வரும். ஆகவே காலை 10 மணியிலிருந்து 12-க்குள் முடித்துவிடுவது நல்லது. அடைமழைக் காலத்தில், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, ஸ்ப்ரே டப்பாவைத் தொடாமல் பிரஷ்ஷால் பூசும் பிரைமரையே வைத்துக்கொள்ளுங்கள்.

மாடியில் தண்ணீர் டேங்க் நிழல் நல்ல இடம். சுட்டெரிக்கும் வெயிலில் அடித்தால் பெயின்ட் துளி வழியிலேயே காய்ந்து, மணல் தூவியது போல் சொரசொரப்பாக விழும். காற்று முதுகுப் பக்கம் வருகிற மாதிரி நில்லுங்கள். எதிர்ப்பக்கம் யார் வீட்டுத் துணி காய்கிறது, யார் வடகம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பிரைமரை விட அக்கம்பக்கம் முக்கியம்.

பொம்மையை ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் மேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிக்கொண்டால் பிடிக்க வசதி. டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில், பொம்மைக்கு வெளியே தொடங்கி, குறுக்கே ஓட்டி, வெளியே போய் நிறுத்துங்கள். முதலில் எல்லாப் பக்கமும் கறுப்பு. காய்ந்த பிறகு, தலைக்கு மேலே சாய்வாகப் பிடித்து வெள்ளை மட்டும் லேசாக. மேலிருந்து வெளிச்சம் விழுந்த மாதிரி முதுகும் நெற்றியும் வெளுத்து, வயிறும் அக்குளும் இருண்டிருக்கும். இப்போது செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்று பின்னால் குழப்பம் வரும்போதெல்லாம் அந்தப் படம்தான் வரைபடம்.

காயும் வரை பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள். எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்களுக்குத் தூசியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிறத்துக்கு காசிமேட்டுக்குப் போங்கள்

டிராகன் என்றாலே சிவப்பு என்று முடிவு செய்துவிடாதீர்கள். விடியற்காலையில் காசிமேடு மீன் மார்க்கெட்டில் ஒரு முழு வஞ்சிரத்தை உற்றுப் பாருங்கள். முதுகு இருண்ட நீலச் சாம்பல், கீழே வரவர வெள்ளி, வயிறு கிட்டத்தட்ட வெள்ளை. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய, நெளிந்த கறுப்புக் கோடுகள். நெளிவு எந்த இரண்டு கோட்டிலும் ஒன்றாக இல்லை. மேல்பக்கம் இருட்டு, அடிப்பக்கம் வெளிச்சம் என்ற இந்த அமைப்பு நிறைய விலங்குகளில் உண்டு, அதனால்தான் கற்பனை மிருகத்தில் வைத்தாலும் கண் நம்புகிறது. நாம் அதையே எடுத்துக்கொள்வோம்.

முதுகுக்கு நீலச் சாம்பல், பக்கவாட்டுக்கு அதிலேயே வெள்ளை கலந்தது, வயிற்றுக்குத் தந்த நிறம். மூன்றையும் அரை இஞ்ச் பட்டை பிரஷ்ஷால், பாலை விடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, இரண்டு கோட். கறுப்பு கொஞ்சம் தெரிந்தால் பரவாயில்லை, அது நிழல்.

அடுத்தது வாஷ். கறுநீலத்தை நிறையத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் செதில் இடுக்குகளில் இறங்கி, ஒவ்வொரு செதிலும் தனியாகத் தெரியும். முழு உடம்புக்கும் ஒரே மூச்சில் ஊற்றிவிட்டால் ஓரங்களில் வளையமாகக் கறை நிற்கும். ஒரு கால், அப்புறம் ஒரு பக்கம், அப்புறம் கழுத்து என்று போங்கள். எங்கே குட்டையாகத் தேங்குகிறதோ அங்கே ஈரமில்லாத பிரஷ்ஷை வைத்து உறிஞ்சி எடுங்கள்.

நன்றாகக் காய்ந்ததும் மேக்கப் பிரஷ்ஷை எடுங்கள். வெளிர் சாம்பலில் நுனியைத் தொட்டு, டிஷ்யூ பேப்பரில் தேயுங்கள். இனிமேல் பெயின்டே வராது என்று தோன்றும் வரை தேய்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கட்டைவிரல் ரேகை மேல் ஓட்டிப் பாருங்கள். ரேகையின் மேடு மட்டும் வெளுத்தால் பதம் சரி, பள்ளமும் நிறைந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். அந்தப் பதத்தில் செதில்களுக்குக் குறுக்கே லேசாக ஓட்டினால், ஒவ்வொரு செதிலின் விளிம்பும் மேலெழும்பி நிற்கும். நூற்றுக்கணக்கான செதிலைக் கையால் வரைய வேண்டிய வேலை, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கடைசியாக வஞ்சிரக் கோடு. 2-ம் நம்பர் பிரஷ்ஷை முதுகெலும்பில் அழுத்தி வைத்து, கீழே இழுக்க இழுக்க அழுத்தத்தைக் குறைத்து, பாதி வயிற்றில் தூக்கிவிடுங்கள். அளவெடுத்து வரையாதீர்கள், ஒழுங்காக இருந்தால் பைஜாமா மாதிரி ஆகிவிடும்.

இறக்கை

தொடக்கக்காரர்கள் தடுமாறும் இடம் இதுதான். செதில் கிடையாது, வழவழப்பான பெரிய பரப்பு, பிரஷ் கோடு ஒவ்வொன்றும் தெரியும். நிறத்தை ஒன்றோடொன்று இழைக்கத் தெரியாதவர்களுக்குச் சுலபமான வழி ஸ்பாஞ்ச். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் மெத்தென்ற பக்கத்தைக் கத்தரிக்காமல் கையால் பிய்த்துக்கொள்ளுங்கள். எலும்புகளுக்குப் பக்கத்தில் இருண்ட ஊதா, நடுவில் செந்தூரம், விளிம்பில் மஞ்சள் கலந்த தந்தம் என்று ஒற்றி ஒற்றி எடுங்கள். நிறங்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டையும் கலந்து ஒற்றினால் கோடு மறையும்.

இப்போது பரப்பு புள்ளி புள்ளியாக இருக்கும். அதைச் சமன் செய்ய கிளேஸ். பெயின்ட் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. பிரஷ்ஷை நனைத்து, டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றிவிட்டுத்தான் இறக்கையைத் தொட வேண்டும். பிரஷ்ஷை எங்கே தூக்குகிறீர்களோ அங்கேதான் நிறம் அதிகம் சேரும். அதனால் ஊதா கிளேஸை நடுவிலிருந்து எலும்பை நோக்கி இழுங்கள், செந்தூரத்தை விளிம்பிலிருந்து நடுவை நோக்கி. ஒரு கோட் முழுக்கக் காயாமல் அடுத்தது வேண்டாம், பாதி காய்ந்ததைத் தொட்டால் உரிந்து வரும். நம்ம ஊர் ஈரத்தில் காய நேரம் பிடிக்கும், ஃபேன் போட்டுவிட்டு டீ குடித்து வாருங்கள்.

முகம்

மிச்சப்படுத்திய நேரமெல்லாம் இங்கே. கண்ணை முதலில் முடியுங்கள், பிசகினால் சுற்றியுள்ள தோலை அடித்து மறைத்துக்கொள்ளலாம். கண்குழி முழுக்கக் கறுப்பு. உள்ளே ஓரத்தில் மெல்லிய கறுப்பு விட்டு, மஞ்சள். மஞ்சளின் கீழ்ப்பாதியில் கொஞ்சம் வெளிர் மஞ்சள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. மேல் மூலையில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. இரண்டு கண்ணிலும் புள்ளி ஒரே பக்கம் இருக்கட்டும். பல்லுக்கு அடியில் பழுப்பு, நுனிக்குப் போகப்போகத் தந்தம். சுத்த வெள்ளை அடித்தால் பற்பசை விளம்பரம் மாதிரி இருக்கும். ஈறுக்கும் நாக்குக்கும் இளஞ்சிவப்பில் ஒரு துளி ஊதா.

அடித்தளமும் வார்னிஷும்

பாறைக்குச் சாம்பல் டிரை பிரஷ், தரைக்கு ஃபெவிகால் தடவி மணல். கடற்கரை மணலாக இருந்தால் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்துப் போடுங்கள். உப்போடு ஒட்டினால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இறக்கையை ஒட்டும் முன், மூட்டுக்குள் படிந்த பெயின்டைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். பெயின்ட் மேல் போட்ட ஃபெவிக்விக் பெயின்டோடு பெயர்ந்து வரும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷை ஸ்ப்ரே செய்ய எனக்கு இந்த ஊரில் துணிச்சல் இல்லை, ஈரமான நாளில் மொத்த உழைப்பின் மேலும் பனி படிந்ததுபோல் வெளுத்துவிடும். பிரஷ்ஷால் பூசும் மேட் வார்னிஷ், மெல்லிசாக இரண்டு கோட். அது காய்ந்த பிறகு கண்ணுக்கும் நாக்குக்கும் மட்டும் ஒரு சொட்டு பளபளப்பான கிளாஸ் வார்னிஷ்.

வைக்கும் இடம் வெயில் நேராக விழாததாக இருக்கட்டும். தூக்கும்போது அடித்தளத்தைப் பிடித்துத் தூக்குங்கள், இறக்கையைப் பிடித்து அல்ல. வீட்டுக்கு வருகிற குழந்தைகளுக்கும் இதையே சொல்லி வையுங்கள்.