சொத்தைப் பல்லுக்குக் காசில்லாமல் வைத்தியம் பார்ப்பது எப்படி?

பல் வலி வந்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை, கூடவே கடைக்காரரே எடுத்துக் கொடுக்கும் ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக். ரெண்டு நாள் வலி அடங்கும். அப்புறம் கன்னம் வீங்கி ராத்திரித் தூக்கம் போனதும்தான் வீட்டில் யாராவது, "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே, அதுல பார்க்க முடியாதா?" என்று கேட்பார்கள்.

முடியாது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் திட்டம் பெரிய சிகிச்சைகளுக்கானது. சொத்தையை அடைப்பது, வேர் சிகிச்சை (ரூட் கேனல்), பல் செட் இதெல்லாம் அதில் வராது. ஆகவே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தனியார் பல் கிளினிக்குகளில் ஏறி இறங்க வேண்டாம். அட்டையே தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது, அதுதான் அரசு மருத்துவமனையின் பல் பிரிவு.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, பல தாலுகா மருத்துவமனைகள் என எல்லாவற்றிலும் பல் டாக்டர் உண்டு. சில ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கிறார்கள், ஆனால் எல்லா நாளும் வருவார்களா என்பதை 104க்கு அடித்தோ நேரில் போயோ கேட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கிவிடுங்கள், மதியத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் நாளைக்கு வரச் சொல்வார்கள். வெறும் வயிற்றோடு போகக் கூடாது. சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் பெயர் தெரிகிற மாதிரி ஸ்ட்ரிப்போடு எடுத்துப் போங்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தாலும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும் டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி சொல்வதுதான் எனக்கு முக்கியம். கூட்டம் அதிகம், ஒரு டாக்டர், நீளமான வரிசை, இந்த நிலையில் சீக்கிரம் முடிகிற வேலை பல்லைப் பிடுங்குவதுதான். வந்தவருக்கும் அதுவே வசதியாகப் படும், ஏனென்றால் அன்றைக்கு ஒருநாள் கூலி போனதோடு வலியும் போய்விடுகிறது. இப்படியே நாற்பது வயதுக்குள் நாலைந்து கடைவாய்ப்பல் இல்லாமல் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறவர்கள் நம்மைச் சுற்றி எத்தனை பேர்! ஏழைக்குப் பல்லைப் பிடுங்கினால் போதும் என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. அதனால் நாற்காலியில் உட்கார்ந்ததும், "டாக்டர், இந்தப் பல்லைக் காப்பாத்த முடியுமா? முடியும்னா எத்தனை தடவை வரணும்?" என்று கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் சரி, பிடுங்கிவிடலாம். முடியும், ஆனால் இங்கே வசதி இல்லை என்றால் பல் மருத்துவக் கல்லூரிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மூன்று இடத்தில் இருக்கிறது: சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, சிதம்பரத்தில், 2023இல் திறந்த புதுக்கோட்டையில். அங்கே முதலில் ஓர் இடத்தில் வாயைப் பார்த்து எக்ஸ்ரே எடுத்து, பிறகு எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று எழுதித் தருவார்கள். பயிற்சி டாக்டர்கள்தான் பெரும்பாலும் செய்வார்கள், மேலே பேராசிரியர் பார்ப்பார். நேரம் கூட ஆகும், ஆனால் வேலையை அவசரப்படுத்த மாட்டார்கள். இந்த மூன்று ஊரும் தூரம் என்றால் பக்கத்தில் இருக்கும் தனியார் பல் மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். மாணவர்கள் படிப்புக்கே நோயாளிகள் வேண்டும் என்பதால் கிளினிக்கைவிடக் கட்டணம் ரொம்பக் குறைவு. முதல் நாளே மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேர் சிகிச்சை ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தாதீர்கள். முதல் தடவையிலேயே சீழை வெளியேற்றி உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து விடுவார்கள், வலி காணாமல் போய்விடும். வலிதான் இல்லையே என்று வேலைக்குப் போய்விட்டால், சில வாரத்தில் அந்த அடைப்பு தேய்ந்து, எச்சில் உள்ளே இறங்கி, மறுபடி சீழ் பிடித்து, ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது பல் ரெண்டாகப் பிளந்துவிடும். அப்புறம் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கடைவாய்ப்பல் என்றால் மேலே கேப்பும் (பல்லை மூடும் உறை) போட வேண்டியிருக்கும், அதற்குத் தனியாகச் செலவு உண்டா என்று முன்னாலேயே கேளுங்கள்.

பல்லைப் பிடுங்கியிருந்தால் பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். அன்று முழுக்கத் துப்பவோ கொப்பளிக்கவோ வேண்டாம், பீடி சிகரெட் கூடவே கூடாது. உப்புத் தண்ணீர் மறுநாளிலிருந்துதான்.

கம்பெனியிலோ கடையிலோ மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறீர்களா? சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சென்னை கே.கே.நகர் போன்ற இஎஸ்ஐ மருத்துவமனைகளில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் பல் வைத்தியம் பார்க்கலாம். மாசாமாசம் பணம் பிடிக்கிறார்கள், ஆனால் இது தெரியாமல் கடன் வாங்கி வெளியே பார்க்கிறவர்கள் நிறையப் பேர்.

தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் ஓபி நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள். உடனே 108. பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

காப்பீட்டு அட்டைக்கும் வேலை உண்டு. விபத்தில் தாடை எலும்பு உடைவது, வாய்ப் புற்றுநோய் இதற்கெல்லாம் அது கைகொடுக்கும். புகையிலை, ஹான்ஸ், பாக்கு போடும் பழக்கம் உள்ளவர்கள் வாயில் ரெண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, வாய் முன்னைப்போல் திறக்காமல் இறுகுவது என்று எதைக் கண்டாலும் அதே பல் பிரிவில் காட்டுங்கள், சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். அட்டை இன்னும் இல்லை என்றால், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை அட்டைக்குப் பதிவதைத் தள்ளிப்போட வேண்டாம்.