ஜோஜோபா எண்ணெய்: மூணு வாரப் பிசுபிசுப்பு எப்படித் தீர்ந்தது

முடி நுனி வறட்சிக்காக ஜோஜோபா எண்ணெய் வாங்கினேன். மூணே நாளில் நெற்றியோரம் பொடிப்பொடியாகக் கொப்புளம். தலையில் பிசுபிசுப்பு, தலையணை உறையில் எண்ணெய்க் கறை.

முதலில் ஷாம்புவை மாற்றினேன். பிறகு போர் தண்ணீர்தான் காரணம் என்று கேன் தண்ணீரில் தலை குளித்தேன். தினமும் உறை மாற்றினேன். எதுவும் உதவவில்லை.

பாட்டிலின் பின்பக்கத்தைப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. அதிகம் உள்ளது முதலில் வரும் சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மினரல் ஆயில், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய். ஜோஜோபாவின் தாவரப் பெயரான 'சிம்மாண்ட்சியா சைனென்சிஸ்' கடைசி வரியில் இருந்தது. (பெயரில் சீனா இருந்தாலும் செடியின் ஊர் அமெரிக்க, மெக்சிகோ எல்லையிலுள்ள சொனோரா பாலைவனம்.)

ஜோஜோபா உண்மையில் திரவ மெழுகு; 10 டிகிரி செல்சியஸ் வாக்கில் உறையத் தொடங்கும். அதனால் ஒரு ஸ்பூன் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் தண்ணீர் போலவே ஓடியது. அந்த பாட்டிலை ஓரங்கட்டிவிட்டு, சேர்மானத்தில் ஜோஜோபா மட்டும் இருந்ததை வாங்கி அதே கிண்ணச் சோதனை செய்தேன். வெளிர் மஞ்சளாக நெய் மாதிரி உறைந்தது. வெளியே வைத்ததும் தெளிந்தது. அப்பாடா!

அளவையும் குறைத்தேன். தேங்காய் எண்ணெய் போல உள்ளங்கை நிறைய வேண்டாம். தலை துவட்டியபின் ஈர நுனிக்கு 4 சொட்டு, ஈரக் கன்னத்துக்கு 2 சொட்டு. நெற்றியில் தடவுவதில்லை. பத்து நாளில் கொப்புளம் அடங்கியது.