ஒன்ராறியோவில் முதல் கார்: ‘தேர்ட் பார்ட்டி’ காணாது

வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓடியவருக்கு இன்சூரன்ஸ் என்பது வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கத் தேவைப்படும் ஒரு துண்டு. ஆகக் குறைந்த ‘தேர்ட் பார்ட்டி’யைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். அந்தக் கணக்கோடு கனடாவின் ஒன்ராறியோவில் கார் எடுத்தால் கை சுடும்.

இங்கே சட்டம் கேட்கும் மூன்றாம் தரப்புப் பொறுப்பு, அதாவது நீங்கள் இடித்தவருக்குக் கம்பனி கொடுக்கும் காப்பு, ஆகக் குறைந்தது 200,000 டொலர். இடிபட்டவர் பிறகு வேலைக்கே போக முடியாமற்போனால் அது காணாது; மிச்சத்துக்கு வழக்கு உங்கள் மேல் வரும். ஒரு மில்லியனுக்குக் குறையாதீர்கள், இரண்டு மில்லியனுக்கும் விலை கேளுங்கள். தொகை பத்து மடங்கானாலும் கட்டணம் பத்து மடங்காகாது. ‘44ஆர்’ என்ற இணைப்பையும் கேட்டுப் போடுங்கள். உங்களைக் காயப்படுத்தியவரிடம் போதிய காப்புறுதி இல்லாவிட்டால் அதுதான் கைகொடுக்கும்.

மற்றவர் பிழையென்றால் உங்கள் காரை உங்கள் கம்பனியே திருத்தித் தரும் ‘டிசிபிடி’ (DCPD) என்ற பகுதி ஒன்று உண்டு. 2024 முதல் அதை வேண்டாமென்று எழுதிக் கொடுக்கலாம். கொடுக்காதீர்கள். கொடுத்தால் யார் வந்து இடித்தாலும் கராஜ் பில் உங்களுடையது.

கொலிஷன் (உங்கள் கார் மோதிச் சேதமானால்), கொம்பிறிஹென்சிவ் (களவு, தீ, மிருகம் போன்றவற்றால் சேதமானால்) இரண்டும் நீங்களாக விரும்பி எடுப்பவை. லீசிங்கிலோ கடனிலோ எடுத்த காருக்கு இரண்டையும் கேட்பார்கள். வித்தியாசம் இதுதான்: ஏ9 வீதியில் இரவில் மாடு படுத்திருந்தால் வெட்டி ஒதுக்கிப் பழகிய கை உங்களது. இங்கே மான் பாயும். நேரே மானில் முட்டினால் அது கொம்பிறிஹென்சிவ். பொதுவாக உங்கள் பிழையாகப் பதியமாட்டார்கள். மானுக்கு வெட்டிப் போய் மரத்தில் அடித்தால் கொலிஷன், பிழையும் உங்கள் தலையில். பிரேக்கை மிதியுங்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். 3,000 டொலர் பெறுமதியான பழைய காருக்கு, முதல் 1,000 டொலரை நீங்களே கட்டும் கொலிஷன் போட்டால், கார் முற்றாகப் போனாலும் கிடைப்பது 2,000தான். வருடக் கட்டணத்தோடு வைத்துப் பாருங்கள்.

விபத்துக் கால உதவிகளில் 2026 யூலை 1 முதல் மருத்துவம், புனர்வாழ்வு, பராமரிப்பு மட்டுமே கட்டாயம். வேலைக்குப் போகாத நாட்களுக்கான வருமான இழப்பீடு நீங்கள் தெரிவு செய்தால்தான் இருக்கும். மணித்தியாலச் சம்பளத்தில் நிற்பவர் இதை வெட்டக்கூடாது.

ஸ்காபரோவில் இருந்துகொண்டு, கட்டணம் குறைவென்று வேறு நகரத்திலுள்ள மாமா வீட்டு விலாசத்தைக் கொடுப்பது நம்மவர்களின் பழைய வித்தை. விசாரணையில் பிடிபட்டால் இழப்பீட்டை மறுக்கலாம், பிறகு இன்னொரு கம்பனி பிடிப்பதும் கஷ்டம். வீட்டில் லைசென்ஸ் உள்ள எல்லாரையும், சாப்பாடு டெலிவரி ஓடுவதையும் சொல்லிவிடுங்கள். இன்சூரன்ஸே இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே தண்டம் 5,000 டொலரிலிருந்து.

இடிபட்டால், காயமோ 5,000 டொலருக்கு மேல் சேதமோ இருந்தால் பொலிசுக்கு அறிவிக்கவேண்டும். கம்பனிக்கு ஏழு நாளுக்குள். எங்கிருந்தோ முளைக்கும் இழுவை வண்டிக்காரர் நீட்டும் வெற்றுப் படிவத்தில், அவர் தமிழிலேயே கதைத்தாலும், கையெழுத்து வைக்காதீர்கள்.

ஊர் லைசென்ஸ் வரலாற்றுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், ‘கிளெய்ம்’ எடுக்கவில்லை என்பதற்கு அங்கே காப்புறுதி செய்த கம்பனியிலும் ஆங்கிலத்தில் கடிதம் எடுத்து வையுங்கள். கட்டணம் போடும்போது எல்லாக் கம்பனியும் அதைக் கணக்கில் எடுக்காது. எடுக்கும் கம்பனியைத் தேடித் தரச் சொல்லி புரோக்கரிடம் கேளுங்கள்.