கிளை அலுவலக ரவுட்டரை மாற்றுகிறீர்களா? அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை நம்பாதீர்கள்

ரவுட்டருக்கு வயதாகிவிட்டது என்பது பெரும்பாலும் இணைய லைனைக் கூட்டிய அன்றுதான் தெரியவரும். 50 எம்பிபிஎஸ் லைனை 300 ஆக்கியிருப்பார்கள். ஸ்பீட் டெஸ்ட் 80-ஐத் தாண்டாது. பழி லைன் கொடுத்தவர் தலையில் விழும். ரவுட்டரின் சிபியூவோ 95 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

புது மாடல்களைத் தேடும் முன் பழையதைத் தோண்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிகை (ரவுட்டரின் அமைப்புகள் முழுதும் உள்ள கோப்பு) முழுதாக இறக்கி, உண்மையில் பயன்படுபவற்றை மட்டும் தனியே எழுதுங்கள்: வான் (WAN, வெளி லைன்) போர்ட், விலான் (உள் நெட்வொர்க்கின் தனிப் பிரிவு), ஐபிசெக் டனல் (இரு அலுவலகங்களை இணைக்கும் ரகசியப் பாதை) ஒவ்வொன்றும் எத்தனை, கணினிகளுக்கு ஐபி முகவரி தரும் டிஹெச்சிபி எங்கிருந்து வருகிறது, குரல் அழைப்புக்கு க்யூஓஎஸ் (முன்னுரிமை) உண்டா, எந்தெந்த போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து உள்ளே திறந்த வழி) இருக்கிறது. எப்போதோ மூடிய கிளைக்கான டனல்கூட அகப்படும். ஹிட் கவுன்ட் (எத்தனை முறை பயன்பட்டது என்ற எண்) பூஜ்யமாக இருக்கும் ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்) வரியை மட்டும் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். மாதக் கடைசியில் ஒருநாள் ஓடும் கணக்கு வேலைக்காக அது திறந்திருக்கலாம்.

அடுத்து, இரண்டு வாரம் டிராஃபிக்கை அளக்க வேண்டும். ஐந்து நிமிடச் சராசரி உச்சங்களை மழுப்பிவிடும். ஒரு நிமிட இடைவெளி வையுங்கள். கருவிகளிடம் அளவுகளைக் கேட்டு வாங்கும் எஸ்என்எம்பியில் 64 பிட் கவுன்டரையே எடுங்கள். 32 பிட் கவுன்டர் ஒரு ஜிபிபிஎஸ் வேகத்தில் சுமார் 34 நொடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும், கிராஃப் பொய் சொல்லும்.

இனி டேட்டாஷீட். முதல் வரியில் பளபளக்கும் த்ரூபுட் (கடத்தும் வேகம்) எண், பெரும்பாலும் 1,518 பைட் பாக்கெட்டுகளை (தகவல் துண்டுகளை) வேறு எந்தச் சேவையும் இல்லாமல் தள்ளிப் பார்த்தது. ஒரு ஜிபிபிஎஸ் லைனில் அந்த அளவு பாக்கெட் நொடிக்கு ஏறக்குறைய 81,000தான் வரும். 64 பைட் என்றால் 14.88 லட்சம். ரவுட்டருக்கு வேலை பைட் கணக்கில் மட்டுமல்ல, பாக்கெட் கணக்கிலும் ஏறுகிறது. ஜி.711 முறையில் போகும் இணையக் குரல் அழைப்பு ஒன்று ஒரு திசையில் நொடிக்கு 50 பாக்கெட் அனுப்பும். 20 பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரு திசையும் சேர்த்து 2,000. அலைவரிசையில் அது சொற்பம், ஆனாலும் ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஐமிக்ஸ் (சிறியதும் பெரியதுமான பாக்கெட்) கலவையில், ஐபிசெக், நாட் (NAT, உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றுவது), ஃபயர்வால், க்யூஓஎஸ் நான்கும் ஓடும்போது எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண் இரு திசையின் கூட்டுத்தொகையா என்பதும் முக்கியம். 300 எம்பிபிஎஸ் மேலும் கீழும் ஓடினால் 600 தேவை. அதன் மேல் பாதியாவது இடம் விடுங்கள், 900. இதை எழுத்தில் தர விற்பவர் தயங்கினால், கடனாக ஒரு பெட்டி வாங்கி உங்கள் கான்ஃபிகையே ஏற்றிச் சோதிப்பது நல்லது.

லைசென்ஸில்தான் பலர் வழுக்குகிறார்கள். சில மாடல்களில் ஹார்ட்வேர் திறன் இருந்தும் லைசென்ஸ் வேகத்தைப் பூட்டி வைத்திருக்கும். சிஸ்கோவின் ஐஎஸ்ஆர் 4321 அடிப்படையில் 50 எம்பிபிஎஸ்; 100 வேண்டுமானால் தனி லைசென்ஸ். சந்தா முடிந்தால் எது நிற்கும், பாதுகாப்பு அப்டேட் மட்டுமா, டிராஃபிக்குமா? கடைசி சப்போர்ட் தேதி என்ன? ஐந்து ஆண்டுக்குள் அந்தத் தேதி வருகிறதென்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

எஸ்எஃப்பி (ஃபைபர் கேபிள் செருகும் துண்டு) வகை, கருவிகளை வைக்கும் ரேக்கின் ஆழம், விசிறிச் சத்தம் எல்லாம் ஒருமுறை பார்த்தால் போதும்.

மாற்றும் நாளில் பழைய கான்ஃபிகை அப்படியே ஒட்டினால் டனல் எழும்பாமல் போகலாம். 3டெஸ், டிஹெச் குரூப் 2 போன்ற பழைய குறியாக்க முறைகளைப் புது மென்பொருள் பல இடங்களில் கைவிட்டுவிட்டது. டனலின் சாவியைப் பேசி முடிக்கும் ஐகேஇ முறையின் முதல் பதிப்பையே 2023-ல் ஆர்எஃப்சி 9395 என்ற இணையத் தர ஆவணம் வழக்கொழிந்ததாக அறிவித்தது. தலைமையக முனையையும் முன்கூட்டியே இரண்டாம் பதிப்பான ஐகேஇவி2-க்குத் தயார் செய்யுங்கள்.

கேபிளை மாற்றியும் இணையம் வரவில்லையா? எதிர்முனைக் கருவி பழைய ரவுட்டரின் மேக் முகவரியையே (வன்பொருள் அடையாள எண்) பிடித்துக்கொண்டிருக்கும். எந்த ஐபிக்கு எந்த மேக் என்று வைத்திருக்கும் ஏஆர்பி நினைவு சில கருவிகளில் நான்கு மணி நேரம் நிற்கும். மோடத்தை அணைத்து ஏற்றுங்கள், அல்லது பழைய மேக்கைப் புதியதில் போடுங்கள். லைன் வந்தும் லேசான சுமையில் சரியாக ஓடி, பளு ஏறினால் தவழ்கிறதா? எதிர்முனை 100 ஃபுல் (100 எம்பிபிஎஸ், ஒரே நேரத்தில் இரு திசையும்) என்று கட்டிப்போட்டிருக்க, உங்கள் போர்ட் ஆட்டோவில் இருந்து ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) விழுந்திருக்கும். லேட் கொலிஷன் (தாமத மோதல்) எண்ணிக்கை ஏறுவதைப் பாருங்கள். பிங் போகிறது, ஆனால் பெரிய இணைப்புள்ள மெயில் பாதியில் தொங்குகிறதென்றால் எம்டியூ (லைன் ஏற்கும் அதிகபட்ச பாக்கெட் அளவு) சிக்கல். பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும்) லைனில் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் போகும் தகவலின் உச்ச அளவு) 1452. அதன் மேல் ஐபிசெக் இருந்தால் 1350 வைத்துத் தொடங்கலாம்.

பழைய பெட்டியை ஒரு மாதக் கடைசி கடக்கும்வரை கான்ஃபிகுடன் அலமாரியில் வையுங்கள். அப்புறம் ஃபேக்டரி ரீசெட் செய்யாமல் வெளியே விடக்கூடாது. டனலின் ரகசியச் சாவி அதற்குள்தான் இருக்கிறது. தலைமையக முனையிலும் அந்தச் சாவியை மாற்றிவிடுங்கள்.