எலும்பும் தோலுமாக ஒரு முயல் வந்தால்: முதலில் புழுக்கையைப் பாருங்கள்

மெலிந்துபோன முயல் ஒன்று கைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலானோர் செய்வது, அதன் முன்னால் ஒரு கேரட்டை நீட்டுவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். பஞ்சு (அதுதான் அந்த முயலின் பெயர்) ஆசையாகத் தின்றது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பிஸ்கட்டையும் தின்றது, மறுநாள் காலையில் பேதி. மொட்டை மாடியில் கோழிக்கூண்டு ஒன்றில், கம்பித் தளத்தின் மேல், மே மாத வெயிலில் மாதக்கணக்காகக் கிடந்த வெள்ளை முயல் அது. வந்த அன்று எடை 1 கிலோ 380 கிராம். அந்த உடம்புவாகுக்கு இரண்டேகால் கிலோவாவது இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். முதுகைத் தடவினால் தண்டுவட எலும்பு ஒவ்வொன்றும் விரலில் தனித்தனியாகத் தட்டுப்பட்டது.

முதல் நாள் கொழுக்க வைக்கும் நாள் கிடையாது. சத்தமில்லாத ஒரு மூலை, தரையில் பழைய பருத்தித் துணி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, தண்ணீர், புல், அவ்வளவுதான். தண்ணீரைக் கனமான கிண்ணத்தில் வையுங்கள், பலவீனமான முயல் பாட்டில் குழாயை நக்கி நக்கிப் போதுமான அளவு குடிக்காது. காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்னங்கால்களுக்கு அடியில். பின்னங்கால் தொங்க விட்டால் உதறும், அந்த உதறலில் முதுகெலும்பே முறிந்துவிடலாம். எவ்வளவு அழுக்காக இருந்தாலும் குளிப்பாட்டாதீர்கள். ஏற்கெனவே சூடு குறைந்த உடம்பு, பயத்திலும் குளிரிலும் அப்படியே மடங்கிவிடும். பின்பக்கம் மூத்திரத்தில் நனைந்து புண்ணாகியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து நன்றாக உலர்த்துங்கள், ஈ முட்டையோ புழுவோ இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். புழு இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

காது சில்லென்று இருந்து முயலும் துவண்டு கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து முதலில் சூடேற்றிவிட்டு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முயலின் இயல்பான உடல் சூடு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை, நம்மைவிட அதிகம். வெயில் காலத்தில் வேறு தலைவலி, முயலுக்கு நம்மைப் போல வியர்த்துத் தணியும் வசதி கிடையாது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். அதற்கு ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்து, காதை ஈரக் கையால் தடவிவிட்டால் போதும்.

சரி, புழுக்கைக்கு வருவோம். முயல் எப்படி இருக்கிறது என்று அதன் முகம் சொல்லாது, நோயை மறைப்பதில் அது கெட்டிக்காரி. புழுக்கை சொல்லிவிடும். உருண்டையாக, கொண்டைக்கடலை அளவில், உதிர்த்தால் உள்ளே புல் நார் தெரிகிற மாதிரி இருந்தால் குடல் வேலை செய்கிறது. மிளகு அளவுக்குச் சுருங்கினால் சாப்பாடு பற்றவில்லை. முடியால் கோத்த மணிமாலை மாதிரி வந்தால் உதிர்ந்த முடியை நிறைய விழுங்கியிருக்கிறது, நாரும் தண்ணீரும் கூட வேண்டும். இது போக, திராட்சைக் கொத்து மாதிரி பளபளப்பாக, மெத்தென்று இன்னொரு வகை உண்டு. அதை முயல் நேராக வாய் வைத்துத் தின்றுவிடும். அருவருப்படைய வேண்டாம், புரதமும் பி வைட்டமினும் அதில்தான் இரண்டாம் முறை உடம்பில் சேருகின்றன. அது தின்னப்படாமல் தரையில் கிடந்தால் சாப்பாட்டில் சத்து கூடி நார் குறைந்திருக்கலாம், அல்லது முயலுக்குக் குனிய முடியாமல் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புழுக்கையே இல்லை, தீனியும் எடுக்கவில்லை என்றால் குடல் நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மருத்துவரைப் பொறுத்தவரை, நாய் பூனை மட்டுமே பார்ப்பவர் என்றால் முயலுக்கும் பார்ப்பாரா என்று முன்பே கேட்டுவிடுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகள் உண்டு. கடைவாய்ப் பல்லைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். முயல் பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும், நார் இல்லாமல் வளர்ந்ததற்கு உள்பக்கம் கூராகி நாக்கைக் கிழிக்கும், பசியிருந்தும் தின்னாமல் மோவாய் நனைந்திருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும். காதுக்குள் பழுப்பாகப் பொருக்கு கட்டியிருந்தால் சொறிப்பூச்சி. பிய்க்காதீர்கள், பயங்கரமாக வலிக்கும், மருந்து போட்டால் தானே உதிரும். புழுக்கையைக் கொடுத்துக் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். பெண் முயல் என்றால், வேறு முயல்களோடு இருந்தது என்றால், வயிற்றில் குட்டி இருக்கலாம். சினைக்காலம் 31 நாள்தான், எனவே ஒரு மாதம் தாண்டும்வரை நிச்சயமில்லை.

இரண்டு மருந்துகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடுகிற ஃபிப்ரோனில் சொட்டு முயலைக் கொன்றுவிடும். வாய்வழியாக அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, முயலும் பின்னாலேயே போய்விடும். வீட்டில் மிச்சம் இருக்கிற மாத்திரையைப் பொடி செய்து கொடுக்கிற கைவைத்தியம் இங்கே வேண்டாம்.

இனி தீனி. உணவில் பெரும்பங்கு காய்ந்த புல், அது நாள் முழுக்க முன்னால் இருக்க வேண்டும். திமோத்தி புல் இணையத்தில் கிடைக்கிறது, வெளிநாட்டுச் சரக்கு என்பதால் விலை கடிக்கும். நான் பிள்ளையார் கோயில் வாசல் பூக்கடையில் அருகம்புல் கட்டுகளாக வாங்கி, இரண்டு முறை அலசி, நிழலில் மூன்று நாள் உலர்த்திக் கொடுத்தேன். கையில் எடுத்தால் சரசரக்க வேண்டும், பூஞ்சை வாடை லேசாக அடித்தாலும் தூக்கி எறியுங்கள். வைக்கோல் படுக்கைக்குத்தான் லாயக்கு, அதில் சத்து இல்லை. மெலிந்த முயலுக்கு இதோடு குதிரைமசால் (அல்ஃபால்ஃபா என்கிற தீவனச் செடி) தினம் ஒரு கைப்பிடி சேர்க்கலாம், புரதமும் கால்சியமும் அதிகம், உடம்பு பிடிக்கும். முயல் தீவன உருண்டை, உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம் என்ற கணக்கில். ஆனால் அதற்கு முதல் நாளே போகாதீர்கள், ஒரு டீஸ்பூனில் தொடங்கி ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஏற்றுங்கள். மக்காச்சோளமும் விதைகளும் கலந்த வண்ண வண்ணப் பாக்கெட் தீனி வேண்டாம்.

கீரையும் அப்படித்தான். பச்சையையே பார்க்காத குடலுக்கு ஒரு நாளைக்கு ஒரே வகை, இரண்டு தழை. கொத்தமல்லியில் தொடங்கினேன், 24 மணி நேரம் புழுக்கையைக் கவனித்தேன், சரியாக இருந்ததும் அளவைக் கூட்டினேன், அப்புறம் புதினா, அப்புறம் கல்யாண முருங்கை இலை. சோறு, ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம் எதுவும் கிடையாது. பாவம் என்று நினைத்து வீட்டுப் பெரியவர்கள் ரகசியமாக ஊட்டுவார்கள், அதற்கும் ஒரு காவல் போடுங்கள்.

தானாகத் தின்னவில்லை என்றால் மருத்துவர் சொன்னபின் ஊசியில்லாத சிரிஞ்சால் ஊட்ட வேண்டும். தீவன உருண்டையை வெந்நீரில் ஊறவைத்து, குழைத்து, ஆறவிடுங்கள். துண்டால் இறுக்கமில்லாமல் சுற்றி, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்து ஒரு மில்லி. மென்று விழுங்கட்டும். அப்புறம் இன்னொரு மில்லி. மல்லாத்திப் போட்டு ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிறு மத்தளம் மாதிரி விறைத்திருந்தால் ஊட்டவே கூடாது, அது அடைப்பாக இருக்கலாம். பஞ்சு மூன்றாம் நாள் சிரிஞ்சை நக்கத் தொடங்கியது, நான்காம் நாள் அதைப் பிடுங்கிக் கடித்தது. அதற்குப் பிறகு ஊட்டவில்லை.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் பிளாஸ்டிக் கூடையோடு எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும், வாரக் கணக்கைப் பாருங்கள். எங்களுக்கு வாரம் 60, 70 கிராம் ஏறியது. நன்றாகத் தின்றும் இரண்டு வாரம் எடை நகரவில்லை என்றால் பல்லையும் புழுக்கைப் பரிசோதனையையும் திரும்பப் பாருங்கள். கம்பித் தளத்தில் புண்ணான குதிகால்களுக்கு மெத்தென்ற தரை பாதி வைத்தியம், மீதி மருத்துவர் தரும் களிம்பு. மூத்திரம் சிலநாள் செங்கல் நிறத்தில் வந்தால் பதறாதீர்கள், தீனியின் நிறமியால் அப்படி ஆவது வழக்கம். திட்டுத்திட்டாக ரத்தம் தெரிந்தால்தான் கவலை.

மூன்று மாதத்தில் 2 கிலோ 190. முதுகெலும்பு இப்போது தடவினால் தெரியும், முன்போல் தனித்தனியாகத் தட்டுப்படாது. குதிரைமசாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன், எடை வந்தபின் அந்தக் கால்சியம் மூத்திரப்பையில் சேரும். நிறுத்திய முதல் இரண்டு நாளும் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.