கவலைப் பெட்டியில் காகிதம் விழ வேண்டுமா?

"பயமா இருந்தா மிஸ்கிட்ட சொல்லுங்க" என்றால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். யாரிடம், எப்படி ஆரம்பிப்பது என்று அவர்களுக்குத் தெரியாது.

தாளில் கையை வைத்து வரையச் சொல்லுங்கள். விரலுக்கு ஒருவராக, நம்பிப் பேசக்கூடிய ஐந்து பெரியவர்கள். அதில் இரண்டு பேராவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். தொந்தரவே வீட்டுக்குள் என்றால் பிள்ளை எங்கே போகும்? முதல் விரல்காரர் காது கொடுக்காவிட்டால் அடுத்த விரல்.

பிள்ளைகள் தங்கள் கவலையைத் தாளில் எழுதிப் போடும் கவலைப் பெட்டி பல பள்ளிகளில் தூசி படிந்து கிடக்கும். தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லோரும் பார்க்க மாட்டினால் யார் போடுவார்கள்? வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் அத்தனை பேருக்கும் துண்டுத்தாள் கொடுங்கள். கவலை இல்லாதவர் பூ வரையட்டும், எழுத வராதவர் முகம் வரையட்டும். எல்லோரும் போடுவதால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள். மூலையில் வரிசை எண் வேண்டும், இல்லையேல் யாருடையது என்று தெரியாது. அன்றே படித்துவிடுங்கள்.

பிள்ளை வாய் திறக்கும்போது "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டால் தப்பு தன்மேல்தான் என்று நினைத்துக்கொள்ளும். "நீ சொன்னது நல்லது" போதும். துருவ வேண்டாம், அது சொன்ன வார்த்தைகளையே தேதியோடு எழுதி வையுங்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் தொல்லை என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, கட்டணமில்லை.