இல் தெ லா பாஸ் கோட்டை: கதை சொல்லும்போது தவறக் கூடாத இடங்கள்

மொரீசியஸில் மாயேபூர் கரையில் நின்று பார்த்தால், பவளத்திட்டு விட்டுக்கொடுத்த வழியில் இல் தெ லா பாஸ் என்ற சின்னத் தீவு தெரியும். அதன்மேல் இடிந்த சுவர்கள். பிள்ளைகளைப் படகில் அழைத்துப்போனால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "மிஸ், கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம்ம தாத்தாக்கள் கட்டினதா இது?"

நம் வீடுகளில் அதிகம் சொல்லப்படும் தவறு இதுதான். ஒப்பந்தக் கூலிகள் கூட்டமாக வரத் தொடங்கியது 1834இல். கோட்டையோ பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. அந்தக் காலத்துத் தமிழரைத் தேடினால் 1730களுக்குப் போக வேண்டும். லா பூர்தொன்னே ஆளுநராக இருந்தபோது புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்தார்கள். ஆனால் அன்றைய கடும் உழைப்பின் பெரும்பங்கு மடகாஸ்கர், மொசாம்பிக் கரைகளிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் தோளில்தான் ஏறியது. அவர்களை விட்டுவிட்டு நம்மவரை மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

டச்சுக்காரர் கோட்டை என்றும் சொல்லாதீர்கள். அது வியே கிராண்ட் போர் (Vieux Grand Port) என்ற ஊரில் இருக்கும் வேறு இடிபாடு.

அடுத்தது, பீரங்கியால் உடைத்துப் பிடித்த கோட்டை என்பது. 1810 ஆகஸ்ட் 13 இரவில் ஆங்கிலேயர் படகுகளில் வந்து ஏறிப் பிடித்தார்கள். பிடித்த பிறகும் பிரெஞ்சுக் கொடியையே பறக்கவிட்டார்கள். 20ஆம் தேதி பிரெஞ்சுத் தளபதி துபெரேயின் கப்பல்கள் அதை நம்பி உள்ளே வந்தன. தாக்குவதற்காக ஆங்கிலேயர் அவசரமாக இறக்கிய அந்தக் கொடி கணப்பில் விழுந்து தீப்பிடிக்க, பக்கத்தில் அடுக்கியிருந்த தோட்டாக்கள் வெடித்தன. ஏமாற்றக் கட்டிய கொடியே அவர்களைச் சுட்டது. தொடர்ந்து நடந்த கிராண்ட் போர் கடற்சண்டையில் பிரெஞ்சுக்காரர் வென்றார்கள்; 28ஆம் தேதி இந்தச் சின்னத் தீவு மறுபடி அவர்கள் கைக்கு வந்தது.

அதனால் பிரான்சு மொரீசியஸைக் காத்துக்கொண்டது என்று முடிப்பதும் பிழை. பாரிஸின் வெற்றி வளைவில் அந்தச் சண்டையின் பெயர், கிராண்ட் போர், இருக்கிறது, சரி. ஆனால் மூன்றே மாதத்தில், நவம்பர் 29 அன்று, ஆங்கிலேயர் வடக்கே கப் மாலெரே பக்கம் இறங்கினார்கள். இந்தக் கோட்டையின் பீரங்கிகளுக்கு அங்கே வேலையே இல்லை. வந்த படையில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தார்கள். டிசம்பர் 3இல் மொரீசியஸே கைமாறியது.

சுவரில் பழைய சிப்பாய்கள் செதுக்கிய பெயர்கள் இருக்கின்றன. விரலால் தடவினால் சுண்ணாம்பு பொடியாக உதிரும். பக்கத்தில் சாவியால் உங்கள் பெயரைக் கீறாதீர்கள். இருநூறு வருட எழுத்தும் சேர்ந்து உதிர்ந்துவிடும்.

திரும்பும்போது மாயேபூர் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். காயம்பட்ட துபெரேயையும் எதிரித் தளபதி வில்லோபியையும் அன்று வீடாக இருந்த அந்த ஒரே கட்டடத்தில்தான் படுக்கவைத்து வைத்தியம் பார்த்தார்கள்.